மில் புல்லும் கரெக்ட்டு அண்ணன் கெடாவும்

தேனி ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும், "தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒரு தடவைகூடச் சொல்லாத மனிதர் ஒருத்தர்தான் தேறுவார். எங்கள் நூல் மில்லின் ஸ்டோர்கீப்பர் கரெக்ட்டு அண்ணன். வாயைத் திறந்தால் "கரெக்ட்டாச் சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு வருகிற எதுவும் கரெக்ட்டாக இருக்காது.

நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். எனக்கு இன்றைக்கும் இருக்கும் இரத்தக் கொதிப்பில் பாதி அவர் கொடுத்தது.

ஒருநாள் சின்னமனூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். "கரெக்ட்டாச் சொல்றேன், இன்னிக்கு பஸ் வராது. நடடா" என்றார். பாதி வழி நடந்ததும் அதே பஸ் எங்கள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுக் காலியாகப் போனது.

"என்னண்ணே இது?"

"டிரைவர் தப்பா வந்துட்டான்" என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் முதலாளிக்கு ஒரு ஆசை வந்து, ஆபீஸ் முன்னால் புல்தரை போட்டார். சுற்றிலும் நெல்லும் தென்னையும் கிடக்கிற பள்ளத்தாக்கில் பச்சைக்கு என்ன பஞ்சமோ! அதை வெட்ட ஒரு பெட்ரோல் மிஷினும் வந்தது. வெட்டிய புல் பொடிப்பொடியாகக் குவிந்ததைப் பார்த்ததும் அண்ணன் கண் விரிந்தது.

"கரெக்ட்டாச் சொல்றேன், இது ஆட்டுக்கு அல்வா."

அனுமந்தன்பட்டியில் அவர் வீட்டில் ஒரு செம்மறிக் கெடா நின்றது. மகளுக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்ததற்காகக் குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கெடா. அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார். ஒருநாள் கேன்டீனில், "நேத்து மேனேஜரக் குப்புறப் போட்டு உண்ணி எடுத்தேன்" என்று சத்தமாகச் சொன்னார். பின்னாலேயே நிஜ மேனேஜர் டீக் கிளாஸோடு நின்றிருந்தார்.

சாமி கும்பிடுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் அது நடந்தது. காலையில் வெட்டிய புல்லைச் சாக்கில் திணித்து மிதித்து, வாயைக் கட்டி, வெயிலில் நின்ற சைக்கிளில் வைத்துவிட்டார். சாயங்காலம் நானும் கூடப் போனேன். சாக்கை அவிழ்த்ததும் ஆவி வந்தது. புளித்த மாவு வாடை.

அவர் சம்சாரம், எனக்கு மதினி, கோம்பைக்காரி, கையை உள்ளே விட்டுப் படாரென்று எடுத்தார். "ஆத்தாடி! சோத்துப்பானை மாதிரில்ல கொதிக்குது. இதயா போடப் போறீக?"

"ஏய், சூடாத் தின்னா சீக்கிரம் செரிக்கும்."

"கொழுந்தனாரே, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

சொன்னேன். கத்தினேன். அவர் சாக்கை அப்படியே கவிழ்த்தார். மேனேஜர் மெல்லக்கூட இல்லை, அள்ளி அள்ளி முழுங்கியது.

விடிந்து போய்ப் பார்த்தால் கெடாவின் இடது வயிறு தவில் மாதிரி ஊதிக் கிடக்கிறது. அசைபோடவில்லை. மூச்சு இழுக்கிறது. மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "சாமிக்கு நேந்தது இப்பிடிச் செத்துச்சுன்னா என் புள்ளைக்கு என்ன ஆகுமோ!"

கெடாவை மொபெட்டில் குறுக்கே போட்டு, அண்ணனைப் பின்னால் உட்காரவைத்து, வழியெல்லாம் திட்டிக்கொண்டே உத்தமபாளையம் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டினேன். டாக்டர் ரப்பர் குழாயைத் தொண்டை வழியாக இறக்கினார். காற்று புஸ்ஸென்று வந்தது.

"மிஷின் புல்லா? வெட்டுன உடனே பரப்பிக் கொஞ்சமாப் போட்டாலே யோசிக்கணும். நீங்க மூட்டை கட்டிப் புளிக்க வச்சிருக்கீங்க. பொடியா இருக்கதால மெல்லாம முழுங்கும், வயிறு ஊதும். தோட்டத்துல அரளி இருக்கா? அது கலந்திருந்தா இந்நேரம் தூக்கிட்டு வந்திருக்கவே மாட்டீங்க."

கரெக்ட்டு அண்ணன் தரையில் உட்கார்ந்து கெடாவின் தலையை மடியில் வைத்திருந்தார். "பொழச்சுக்கிருமாடா?" என்று என்னைக் கேட்டார். முன்னால் 'கரெக்ட்டா' இல்லை. 

பிழைத்துக்கொண்டது. ஆனாலும் மறுநாளே ஸ்டோரில், "புல்லுல குத்தமில்ல. சாக்கு சரியில்ல" என்றார்.

கும்பிடு நாளும் வந்தது. கெடாவுக்கு மாலை போட்டு மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பிறகுதான் வெட்டுவார்கள். மேனேஜர் சிலுப்பவில்லை. இன்னொரு குடம். கல் மாதிரி நின்றது.

பூசாரி சொன்னார்: "வீட்டுல ஏதோ குத்தம் நடந்திருக்கு. வாய்விட்டுச் சொல்லுங்க, சாமி மனசு எறங்கும்."

மதினி அண்ணனைப் பார்த்தார். நான் பார்த்தேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"கரெக்ட்டாச் சொல்றேன், அந்தச் சாக்கு..." என்று ஆரம்பித்தார். கெடா அசையவில்லை. "புள்ள மேல சத்தியமாச் சொல்லுங்க" என்றார் மதினி. மகள் கெடாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

 அண்ணன் துண்டை இடுப்பில் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார். "தப்புத்தான். இவ சொன்னா. இவன் சொன்னான். நாந்தான் கேக்கல."

கெடா தலையிலிருந்து வால் வரைக்கும் சிலுப்பியது. எங்கள் எல்லார் சட்டையும் மஞ்சள்.

குலவைச் சத்தம் கிளம்பியது. அரிவாளைத் தூக்கியவன் முன்னால் கரெக்ட்டு அண்ணன் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"நிப்பாட்டு! கரெக்ட்டாச் சொல்றேன், அது சிலுப்பல. ஈ கடிச்சுச்சு. இது சாமி வேணாம்னு சொன்ன கெடா."

"என்னய்யா, இத்தன பேரு பார்த்தோம்!"

"ஈ! நான் பார்த்தேன். வேற யாரு பார்த்தீக?"

கூட்டம் சிரித்தது. பூசாரி முறைத்தார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். விரித்த கையை இறக்கவில்லை.

அவர் சொன்ன எதையும் நான் அதுவரைக்கும் ஒத்துக்கொண்டதில்லை. முன்னால் போய் நின்று, "ஈதான். நானும் பார்த்தேன்" என்று கத்தினேன்.

கெடாவுக்குப் பதிலாக ஒரு சேவலை அறுத்தார்கள். கெடாவைக் கோயிலுக்கே விட்டார்கள். அது கிழடாகி, பல் விழும்வரை அங்கனதான் திரிந்தது. அண்ணன் வாராவாரம் கையால் அறுத்த புல் கொண்டுபோனார்.

இப்போது தேனியில் எங்காவது புல் வெட்டும் மிஷின் சத்தம் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. சண்டை போட அவர் இல்லையே என்கிற கோபம்.