பழைய சரக்கு முதலில் வெளியே

வேலந்தாவளம்
புதன்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்

அன்பும் மதிப்பும் மிக்க மூத்த மாப்பிள்ளை அன்சார் அவர்களுக்கு, மாமனார் மொய்து எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும், தங்கள் மாமியார் ஐசும்மாவும், கொழுந்தியா அன்சிலாவும் சுகம். பெங்களூரில் தாங்களும் ரஸியாவும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். நம் பள்ளிவாசல் மஹல் ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. இன்று காலை போனில் தாங்கள், "மாமு, என்ன பண்ணுனீங்கன்னு ஒண்ணு விடாம வரிசையா எழுதி, போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்டுக்கொண்டபடி இதனை எழுதுகிறேன். போனில் நான் "ஒண்ணும் பண்ணல" என்று சொன்னது, பக்கத்தில் ஆள் இருந்ததால்.

ஆறு வருடத்துக்கு முன்னால், புது மாப்பிள்ளையாக விருந்துக்கு வந்த தாங்கள், மூன்றாம் நாள் பொழுது போகாமல் மஹல் ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்த கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு லினக்ஸ் என்பதைப் போட்டுக் கொடுத்தீர்கள். யாருக்கும் சொந்தமில்லாதது, எல்லோருக்கும் சொந்தமானது என்றீர்கள். கேட்க நன்றாக இருந்தது. எனக்குப் புரியவேண்டும் என்று, "உங்க தீவனக் குடோனையே நெனச்சுக்குங்க மாமு, மூணு ரூம் தடுத்திருக்கேன். வாசல்ல இங்கிலீஷ்ல பூட்டுன்னு ஒரு சின்ன ரூம், கடையைத் தெறக்கற சாவி அங்கதான் இருக்கும். நடுவுல ரூட், தராசு சாக்கு ஊசியெல்லாம் அங்க. பின்னால ஹோம், பெரிய ஹாலு, உங்க சரக்கெல்லாம் அதுக்குள்ள" என்று விளக்கினீர்கள். மாப்பிள்ளையைக் குறை சொல்வது முறையல்ல. ஆனால் முப்பது வருஷமாகப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அடுக்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வாசல் ரூமில் நாலு மூட்டை வைக்க இடமில்லாமல் பின்னால் ஹாலை மைதானம் போலப் போட்ட குடோனை நான் எங்கேயும் பார்த்ததில்லைங்க.

அதே வருஷம் மஹல் பொதுக்குழுவில் செயலாளர் என்ற முறையில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது தாங்கள் அறிந்ததே. நம் பெண்ணுக்கு வேறு மஹலில் நிக்காஹ் என்றால், ஆட்சேபம் இல்லை என்று இங்கிருந்து கடிதம் போனால்தான் அங்கே ரெஜிஸ்டரில் எழுதுவார்கள். அந்தக் கடிதத்தை எவனோ ஒருவன் என் கையெழுத்தை என்னைவிட அழகாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அதனால், இனிமேல் ரெஜிஸ்டர் நம்பரோடு கம்ப்யூட்டரில் அடித்து வந்தால்தான் செல்லும், கையால் எழுதினால் செல்லாது என்று சட்டம் போட்டேன். போன மழைக்கு மூன்று நாள் கரண்ட் இல்லாதபோது அப்பாஸ் ராவுத்தர் தன் மகள் நிக்காஹுக்கு வந்து நின்று, "ரெண்டு வரி கையால எழுதிக் குடுங்க" என்று கெஞ்சினார். சட்டம் சட்டந்தானுங்க, கரண்ட் வந்தா வாங்கன்னு அனுப்பிட்டேன். கல்யாணத்தன்னிக்குக் காலையிலதான் கடிதம் வாங்கிட்டு ஓடினார்.

இப்ப வர்ற ஞாயித்துக்கிழமை உடுமலைப்பேட்டையில அன்சிலாவுக்கு நிக்காஹ். வெள்ளி ஜும்ஆவுக்குள்ள கடிதம் அங்க போய்ச் சேரணும். பொண்ணோட தகப்பனார்ங்கற முறையில செயலாளர் அவர்களுக்கு நானே ஒரு அபேக்ஷை மனு எழுதி, நானே வாங்கி, நானே முத்திரை குத்தி வெச்சுட்டேன். அடிக்கறதுதான் பாக்கி.

இனி வரிசையா வர்றேன். திங்கக்கிழமை மத்தியானம் கடையை ஐசும்மாகிட்ட விட்டுட்டு ஆபீஸுக்குப் போனா, திரையில புது வெர்ஷன் வந்திருக்கு, அப்கிரேட் பண்ணட்டுமான்னு கேட்டுக்கிட்டு நிக்குது. எப்பவும் இப்படி வந்தா அன்சிலாவைக் கூப்பிட்டுருவேன், ஆறு வருஷமா அவதான் பாத்துக்கறா. அன்னிக்குக் கூப்பிடல, அவ கல்யாணத் துணி தைக்கக் குடுக்கறதுக்குப் பொள்ளாச்சி போயிருந்தா. சரி, கேக்குதே, மரியாதையாக் கேக்குதேன்னு அமுக்கிட்டேன். ஒரு மணி நேரம் என்னென்னமோ இறங்குச்சு. அப்புறம் பூட்டுல எடமில்லைன்னு நின்னுக்கிச்சு. அந்த ரூமைத் தெறந்து பாத்தா கெர்னல்னு பேரெழுதி, பழைய நம்பர் போட்டது மூணு நாலு அடுக்கி வெச்சிருக்குது, கடைசியா இப்ப வந்த புது நம்பர் ஒண்ணு. நம்ம தொழில்ல இதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்லைங்க. புது லோடு வந்தா பழைய சரக்கு முதல்ல வெளிய போகணும், இல்லைன்னா புளிச்சுப் போகும், மாடு வாய் வெக்காது. அழிக்கப் போனா உனக்கு அனுமதி இல்லைன்னுது. ஆறு வருஷமா செயலாளரா இருக்கறவனுக்கு! சுவத்துல அன்சிலா ஒரு சீட்டு ஒட்டியிருந்தா, சூடோன்னு ஆரம்பிச்சா எதைச் சொன்னாலும் கேக்கும்னு. ஆரம்பிச்சேன். கேட்டுது. பழைய நம்பர் ஒண்ணு விடாம வெளிய தள்ளி, புதுசை மட்டும் வெச்சு, ரூமைத் துப்புரவாக்கிட்டு, ஒரு தடவை அணைச்சுப் போட்டேன்.

அந்தப் புது லோடு பாதிதான் இறங்கியிருந்துச்சுங்கறது எனக்கு எப்படித் தெரியும்? கருப்புத் திரை வந்துச்சு. மொதல்ல கெர்னலை ஏத்து, அப்புறம் ஏதாவது ஒரு கீயை அமுக்குன்னு இங்கிலீஷ்ல சொல்லுச்சு. ஏதாவது ஒண்ணுன்னா எதுன்னு தெரியாம எல்லாத்தையும் வரிசையா அமுக்கினேன், ஒரு கீ பாக்கி விடல. செவ்வாக்கிழமை, ஜங்ஷன்ல செல்போன் ரிப்பேர் பண்ற லோகேஷைக் கூட்டிட்டு வந்தேன். "இது எதுக்குங்க பாய், மொத்தமா அழிச்சுட்டு வேற போட்டர்லாம், பத்தே நிமிஷம்"னு சட்டைக் கையை மடிச்சான். "உள்ள ஏதாச்சும் வேணுமுங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டான், அல்லாஹ் அவனுக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும். ஆறு வருஷத்து நிக்காஹ் பூராவும் உள்ள இருக்குடான்னேன். மடிச்ச கையை இறக்கி விட்டுட்டு டீ குடிக்கப் போனவன் திரும்பி வரல.

அப்பாஸ் ராவுத்தர் மட்டும் தவறாம வர்றார். ரெண்டு நாளா மூணு வேளையும் ஆபீஸ் வாசல்ல நின்னு, "ஏனுங்க செயலாளரே, கரண்ட் இருக்குதுங்களா?"ன்னு கேக்கறார். இருக்குதுங்கன்னு சொல்றேன். "அப்ப சரிங்க"ன்னு போயிடறார். திட்டியிருந்தாக்கூடத் தேவலை. காலையில போன்ல பேசினப்பப் பக்கத்துல இருந்த ஆள் அவர்தான். ஐசும்மா, கையால எழுதிக் குடுத்தா உடுமலைக்காரங்க என்ன வேண்டான்னா சொல்வாங்கன்னு அழறா. நான் எழுத மாட்டேன். எழுதினா அன்னிக்கு அவரை அலைய விட்டதுக்கு என்ன பதில் சொல்றது? எழுதலைன்னா என் மகளுக்கு என்ன பதில் சொல்றது?

ஆகையால், இந்தக் கோளாறுக்கு முழுக் காரணம் தாங்கள் ரூம் தடுத்த லட்சணம்தான் என்று மரியாதையுடன் பதிவு செய்து, நாளைக் காலைக்குள் லீவு போட்டு வந்து மூன்று ரூமையும் இடித்து ஒரே ஹாலாகப் போட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் ரஸியாவுக்கும் இம்மையிலும் மறுமையிலும் எந்தக் குறையும் வராமல் அல்லாஹ் காப்பானாக.

இப்படிக்கு,
மாமனார், மற்றும் மஹல் செயலாளர்,
மொய்து

பி.கு.: மேற்படி கடிதத்தை ரத்து செய்கிறேன். போட்டோ எடுக்கச் சொல்லி அன்சிலாகிட்ட குடுத்தனுங்க. நின்னபடியே எல்லாப் பக்கத்தையும் படிச்சா. சிரிக்கல. மேசை டிராயர்ல நீங்க அன்னிக்கே விட்டுட்டுப் போன பென் டிரைவை எடுத்துச் சொருகி, முக்கா மணி நேரத்துல பழைய கெர்னலைத் திரும்ப ஏத்திட்டா, நீங்க சொன்ன சாவி அதுதானாம். பின்னால ஹால் தனியா இருந்ததால ஒரு எழுத்துக்கூடப் போகலையாம். ஒரே ஹாலா இருந்து லோகேஷ் கையில சிக்கியிருந்தா மொத்தமும் போயிருக்குமாம். ஆகவே ரூமை இடிக்க வேண்டாம், நான் சொன்னதை மன்னிக்கணும். கடிதத்தையும் அவளே அடிச்சுக் குடுத்தா. செயலாளர்னு ஒரு கையெழுத்து, பெற்றுக்கொண்ட தகப்பனார்னு ஒரு கையெழுத்து, ரெண்டும் நான் போட்டதுதான், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. அப்பாஸ் ராவுத்தர் பாத்துட்டுக் கரண்ட் பத்திக் கேக்கல. தானே உடுமலைக்குக் கொண்டு போறேன்னு வாங்கிட்டுப் போயிட்டார்.

இன்னொண்ணு. திங்கக்கிழமை அவ பொள்ளாச்சிக்கெல்லாம் போகல. ஊட்லதான் இருந்தா, ஒரு சத்தம் குடுத்தா வந்திருப்பா. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் யாருக்குச் சத்தம் குடுக்கறதுன்னுதான், நானே பண்ணிப் பாத்துப் பழகிக்கலாம்னு உக்காந்தேன். ஏன் கூப்பிடலைன்னு அவ கேட்டா, பொள்ளாச்சிங்கறதையே திரும்பச் சொன்னேன்.

நீங்க லீவெல்லாம் போட வேண்டாம், கல்யாணத்துக்கு வந்தாப் போதும். புது வெர்ஷன் வந்திருக்குன்னு திரையில இன்னமும் கேட்டுக்கிட்டேதான் நிக்குது. அதைக் கண்டாலும் நீங்க தொடாம விட்டுருங்க. அடுத்த மாசம் வந்து போட்டுத் தர்றேன்னு அவ சொல்லியிருக்கா.