ஜூன் அக்காவும் சாமியார் மலையும்

மாத்தளை மாவட்டத்தில் இதுவரை பிறந்தவர்களில் ஜூன் மாதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கலியாணம் எப்போது என்று கேட்டால் "ஜூன் முடியட்டும்" என்பார். கூரைத் தகரம் மாற்றுவது எப்போது, ஆடுகிற கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது எப்போது, எல்லாவற்றுக்கும் அதே பதில். எந்த வருஷத்து ஜூன் என்று மட்டும் சொல்லமாட்டார். அதனால் எங்களுக்கு அவர் ஜூன் அக்கா.

நாலந்தாவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், பிரதான வீதி ஓரத்தில் இருந்த ஒரு ஸ்பைஸ் கார்டனில் நாங்கள் இரண்டு பேரும் வழிகாட்டிகள். தம்புள்ளைக்குப் போகிற சுற்றுலா வேன்கள் அங்கே நிற்கும். கறுவாவும் மிளகும் அக்காவின் பகுதி. கொக்கோவும் வனிலாவும் என் பகுதி. இரண்டு பகுதியும் சுற்றிக் களைத்த வெள்ளைக்காரர்களைக் கடைசியில் எண்ணெய்க் கொட்டகைக்குக் கூட்டிப்போய் மூட்டுவலித் தைலம் விற்போம். முதலாளி ஒரு பெரிய மனிதர், ஹாஜியார் என்போம்.

ஒருநாள் சுவிட்சர்லாந்திலிருந்து ஊர்சுலா என்ற ஓய்வுபெற்ற டீச்சர் வந்தார். கறுவாப்பட்டையை முகர்ந்தபடியே போனில் ஒரு படம் காட்டினார். கத்திமுனை மாதிரி வெள்ளை மேடு. அதன் உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி தான்தான் என்றார். மலையின் பெயருக்கு அவர்கள் பாஷையில் சாமியார் என்று அர்த்தமாம். உயரம் நாலாயிரம் மீட்டருக்கு மேல். நம் பீதுருதாலகால மலையின் தலைமேல் சிவனொளிபாத மலையில் முக்கால்வாசியை வெட்டி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு.

மேலே என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டார். ஒன்றுமே இல்லை என்றார் ஊர்சுலா.

அன்று பின்னேரம் முழுக்க அக்கா மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் வந்து, "தம்பி, ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு அந்தம்மா அவ்வளவு கஷ்டப்பட்டுப் போயிருக்காங்க. அப்ப அங்க என்னமோ இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எட்டு வருஷம் எங்கள் தோட்டத்தில் ஆல்ப்ஸ் மலை ஏறும் திட்டம் நடந்தது.

ஏன் ஜூன் என்பதை அக்கா சிவனொளிபாத மலையை வைத்து விளக்குவார். யாத்திரை சீசன் நடுவில் போனால் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் கும்பிட்டுவிட்டு வரவேண்டும். தொடங்கிய கையோடு போனால் மலை நமக்கு. சாமியார் மலையிலும் அப்படித்தானாம். ஜூன் முதல் வாரத்தில் கூட்டம் இல்லை. வழியிலுள்ள வெடிப்புகளைப் பனி மூடியிருக்கும். விடியற்காலையில் பனி சீமெந்து மாதிரி இறுகி நிற்கும். கறுவா எப்படி உரிப்பது என்று கேட்ட ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்கு இதையெல்லாம் அரைமணி நேரம் விளக்கி, கறுவாவை மறந்தே போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரத்தோட்டை பஸ் ஏறி, அங்கிருந்து ரிவர்ஸ்டன் மலைக்கு நடப்பார். பாரம் பழகவேண்டும் என்று முதுகுப் பையில் வீட்டு அம்மிக்குழவி. அதனால் ஞாயிறுகளில் அந்த வீட்டில் சம்பல் கிடையாது. அவருடைய அம்மா ஹாஜியாரிடமே வந்து முறையிட்டுவிட்டுப் போனார். சாமியார் மலை என்ற பேரைக் கேட்டு, மகள் ஏதோ நேர்த்திக்கடன் வைத்திருக்கிறாள் என்றுதான் அந்த அம்மா கடைசிவரை நம்பினார்.

பனியில் வழுக்காமலிருக்கச் சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள் கட்டவேண்டும். அக்கா படத்தைக் காட்டி யட்டவத்தையில் ஓர் இரும்பு வேலைக்காரரிடம் அதைச் செய்வித்தார். அவர் அது தென்னை ஏறுவதற்கு என்று நினைத்து, இலவசமாக இரண்டு முள் கூடுதலாக வைத்துக் கொடுத்தார். பரீட்சித்துப் பார்க்கப் பனிக்கு எங்கே போவது? மீன் லொறிகளுக்கு ஐஸ் அடித்துக் கொடுக்கும் இடம் ஒன்று தம்புள்ளைப் பக்கம் இருந்தது. ஒரு லீவு நாளில் இரண்டு பேரும் போனோம். ஈரச் சீமெந்துத் தரையில் ஒரு பெரிய ஐஸ் பாளத்தை இறக்கிவைத்தார்கள். அக்கா கம்பளித் தொப்பியோடு அதன்மேல் ஏறி நின்றார். அந்தத் தரை கொஞ்சம் சரிவு என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. பாளம் புறப்பட்டது. லொறிக்காரர்கள் விலகி வழிவிட, ஜூன் அக்கா தேரில் எழுந்தருளிய அம்மன் மாதிரி அசையாமல் போய், ஒரு லொறியின் சில்லில் முட்டி நின்றார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது நிதானமாகச் சொன்னார்: "முள்ளு நல்லாப் பிடிக்குது தம்பி. ஐஸ்தான் தரையைப் பிடிக்கல."

கயிற்றுப் பயிற்சிக்கு நான்தான் ஆள். இருவர் இடுப்பிலும் ஒரே கயிறு. ஒருவர் விழுந்தால் மற்றவர் உடனே தரையோடு தரையாகப் படுத்துவிடவேண்டும். ஒருநாள் விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா வேரில் தடுக்கி விழ, நான் வருஷக்கணக்கான விசுவாசத்தோடு, காயப்போட்டிருந்த மிளகின்மேல் பாய்ந்தேன். விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஹாஜியார் மட்டும் தட்டவில்லை.

வீசா இரண்டு முறை கிடைக்கவில்லை. கலியாணம் இல்லை, சொந்தக் காணி இல்லை, திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று நேர்முகத்தில் கேட்டார்களாம். "ஏறினா இறங்கித்தானே ஆகணும்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர்கள் சிரிக்கவில்லை.

அந்த இரண்டு வருஷமும் ஜூன் முதல் வாரம் அக்கா வேலைக்கு வந்தார். பின்னேரம் கடைசி வேனும் போன பிறகு எண்ணெய்க் கொட்டகை மேசையில் ஊர்சுலா அனுப்பிய மலை வரைபடத்தை விரிப்பார். ரயில் நிலையத்தில் விரலை வைப்பார். விரல் பனியாற்றில் நடக்கும். தங்குமடத்தில் கொஞ்சம் நிற்கும். முகட்டில் மெதுவாக ஏறும். உச்சிக்குப் போனதும் அங்கேயே நின்றுவிடும். வெளியே பஸ்கள் ஹோன் அடித்துக்கொண்டு போகும். விரல் இறங்காது. அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. தைலப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுவேன்.

மூன்றாம் முறை வீசா கிடைத்தது. டிக்கெட்டும் செலவும் ஊர்சுலாவுடையது. அம்மா சாமியாருக்கென்று தேங்காயும் கற்பூரமும் கட்டிக்கொடுத்தார். ஹாஜியார் துஆ செய்து, குளிருக்குப் பூச ஆறு போத்தல் தைலம் கொடுத்தார்.

அங்கே நடந்ததை அக்கா பிறகு சொன்னார். ரயில் மலையின் வயிற்றுக்குள்ளேயே போகிறதாம். மேலே தங்குமடத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்று புதுப் பனி கொட்டத் தொடங்கியது. இரண்டு நாள் விடவில்லை. தங்குமடத்தில் இருந்த எல்லோருக்கும் அக்கா கறுவாத் தேநீர் போட்டுக்கொடுத்தார். முழங்கால்களுக்குத் தைலமும் பூசிவிட்டார். மூன்றாம் நாள் விடியற்காலை வானம் திறந்தது. அதிகம் பேசாத ஒரு வழிகாட்டியோடு கயிற்றில் புறப்பட்டார். பாறை, பனி, பாறை. அம்மிக்குழவி இல்லாத முதுகு காற்றுப்போல இருந்ததாம். கடைசி முகட்டின் தொடக்கத்துக்கு வந்ததும் உச்சி கண்ணுக்கு நேரே.

வழிகாட்டி கோடரியால் பனியைக் குத்திப் பார்த்தார். முகட்டின் ஒரு பக்கம் பனி தாழ்வாரம் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அடியில் ஒன்றுமில்லை. புதுப் பனி இன்னும் இறுகவில்லை. ஜூலையில் என்றால் போகலாம், இப்போது முடியாது என்றார். அக்கா ஒரு வார்த்தை வாதாடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். நின்றார். இறங்கினார்.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. போனில் "வந்து சொல்றேன்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். ஆகவே நாங்கள் தயாரானோம். ஊர்சுலாவின் படத்திலிருந்த சிவப்புப் புள்ளியைப் பெரிதாக்கி, அதில் அக்காவின் முகத்தை ஒட்டி, "ஆல்ப்ஸ் உச்சியைத் தொட்ட எங்கள் அக்காவே வருக" என்று தோட்ட வாசலில் பெரிய பேனர். வேன் சாரதிகள், பக்கத்துத் தோட்டக்காரர்கள், அக்காவின் அம்மா எல்லோரும் வந்திருந்தார்கள். ஹாஜியார் ஒரே தாலத்தைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் சவன் சாப்பாடு ஏற்பாடு செய்து, மைக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார்.

அக்கா மாலையோடு மைக்கின் முன்னால் நின்று பேனரைப் பார்த்தார். நாங்கள் கைதட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"நான் உச்சிக்குப் போகலீங்க. கொஞ்சம் கீழயே திரும்பிட்டேன்."

பிரியாணிச் சட்டியின் மூடி மட்டும் சத்தம் போட்டது. எவ்வளவு கீழே என்று யாரோ கேட்டார்கள். "நம்ம கேட்டுல இருந்து எண்ணெய்க் கொட்டகை வரைக்கும் இருக்கும்." வந்திருந்த அத்தனை பேரும் கேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கொட்டகையைப் பார்த்தார்கள்.

ஹாஜியார் எழுந்து மெதுவாகச் சொன்னார்: "அவ்வளவு தூரம் தானே புள்ள. போனதாவே வெச்சிக்கொள்வோம்."

"வேணாம் ஹாஜியார்" என்றார் அக்கா.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. பேனரை அவரே கழற்றி மடித்தார். அடுத்த மழைக்கு அது மிளகை மூடியது.

அந்தக் கிழமை கடைசியில் நான் கேட்டேன். அங்கே வந்து பார்த்தது யார், ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருந்தால் ஹாஜியாருக்கும் சந்தோஷம், அம்மாவுக்கும் சந்தோஷம் அல்லவா என்று. அக்கா கறுவாக் குச்சிகளைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கொஞ்சத் தூரம் இன்னும் எனக்கு மிச்சம் இருக்கு தம்பி. போயிட்டேன்னு வாயால சொன்னா, அது என்னைய விட்டுப் போயிரும்."

நான் இப்போது கொழும்பில் இருக்கிறேன். அக்கா அதே தோட்டத்தில்தான். ஒவ்வொரு நாள் காலையும் அவரிடமிருந்து போனில் ஒரு வரி வரும்: "இன்னைக்கு மைனஸ் எட்டு. காத்து பரவாயில்ல." வணக்கம் கிடையாது, சுகம் விசாரிப்பு கிடையாது. நானும் பதில் போடுவதில்லை. குடை எடுக்க மறந்து நனைந்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு; அந்த மலையில் காற்று எப்படி என்று பார்க்காமல் வீட்டைவிட்டு இறங்கிய நாள் ஒன்றுகூட இல்லை.