பதினோரு வாத்தியார்கள் ஃபெயில்

"பத்தொன்பது வருஷமா டியூஷன் எடுக்கிறேன். எனக்கே பரீட்சை வெச்சு, என்னையே ஃபெயிலாக்கின முதல் மாணவன் நீங்கதான்!" என்று சொல்லிக்கொண்டே வாசலில் குனிந்து ஷூவை மாட்டினார் வாத்தியார். கோபத்தில் இடது காலுக்கு வலது ஷூ போய்விட்டது.

"கோவிச்சுக்காதீங்க சார். நல்லாப் படிச்சிட்டு அடுத்த வாரம் வாங்க. இன்னொரு சான்ஸ் தர்றேன்," என்றார் ரிஜெக்ட் சார், உண்மையான அக்கறையோடு.

கதவு படாரென்று சாத்தப்பட்டது. ரிஜெக்ட் சார் நோட்டைத் திறந்து, ஏழாம் எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

ரிஜெக்ட் சார் என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. போல்ட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறவர். கையில் கேஜ் என்று ஓர் இரும்பு வளையம் இருக்கும். போல்ட் அதற்குள் நுழைந்தால் பாஸ். நுழையாவிட்டால் சிவப்புத் தொட்டி. எந்த மெஷின்காரர் வந்து கெஞ்சினாலும் "ரிஜெக்ட்" என்ற ஒரே வார்த்தைதான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இருபத்திரண்டு வருடமும் நின்றுகொண்டே பார்த்த வேலை. இப்போது இரண்டு முழங்காலும் மாடிப்படியைக் கண்டாலே முனக ஆரம்பித்துவிடுகின்றன. நிர்வாகம் ஒரு வழி சொல்லியிருந்தது. மேலாண்மைக் கல்லூரியின் வார இறுதிப் படிப்பில் இடம் பிடித்துவிட்டால் தரப் பிரிவுக்குத் தலைவர் ஆகலாம். கண்ணாடி அறை, சக்கரம் வைத்த நாற்காலி. அந்த நாற்காலி நான்கு மாதமாகக் காலியாகவே கிடந்தது. மதிய இடைவேளையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ரிஜெக்ட் சார் அதில் இரண்டு முறை உட்கார்ந்தும் பார்த்துவிட்டார்.

நுழைவுத் தேர்வை மூன்று தடவைதான் எழுதலாம். இரண்டு தடவை போய்விட்டது. மொழியில் நல்ல மார்க், கணக்கில் பரவாயில்லை. அட்டவணையும் வரைபடமும் கொடுத்துக் குடைந்து குடைந்து கேட்கிற டேட்டா பகுதியில்தான் வண்டி நின்றுவிட்டது. நாற்பது எடுத்தால் பாஸ். முதல் தடவை முப்பத்தெட்டு, அடுத்த தடவை முப்பத்தைந்து. கடைசி வாய்ப்புக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"டியூஷன் வெச்சுக்கோங்க," என்று மனைவி சொன்னார். ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் வேலை பார்க்கிற பெண்மணி. டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் புரிந்துகொள்கிறவர். கணவரைப் புரிந்துகொள்ள மாட்டாரா?

ரிஜெக்ட் சார் தலையாட்டினார். ஆனால் தரம் பார்க்காமல் ஒரு ஆணியைக்கூட உள்ளே விடாதவர், ஒரு வாத்தியாரை எப்படி விடுவார்? வருகிறவருக்கு முதலில் ஒரு கேள்வி. பழைய பயிற்சிப் புத்தகத்திலிருந்து எடுத்தது. நான்கு குடைக் கடைகள், இரண்டு மாத விற்பனை. அ கடையில் நூறு நூற்றுப்பத்தானது. ஆ கடையில் இருபது ஐம்பதானது. இ கடையில் எண்பது நூறானது. ஈ கடையில் இருநூறு இருநூற்று அறுபதானது. எந்தக் கடையின் விற்பனை அதிக சதவீதம் வளர்ந்தது?

"ஒரே ஒரு கேள்வியா?" என்று மனைவி கேட்டார்.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். தொழிற்சாலையில நாங்க அப்படித்தான்."

அந்தச் சோற்றில்தான் ஏழு வாத்தியார்களும் பல் உடைந்து போனார்கள். ஏழு பேரும் 'ஆ கடை' என்றார்கள். ரிஜெக்ட் சாரிடம் இருந்த விடை 'ஈ கடை'.

"ஏழு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்களே, உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"வராம என்ன? வந்துச்சு. எல்லாரும் ஒரே மட்டமான கைடைப் படிச்சிருக்காங்க."

"சரி, ஈ கடைன்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு? அந்தப் புத்தகத்துலதான் விடைப் பக்கமே கிழிஞ்சு போச்சே?"

"நான்தான் போட்டேன். ரெண்டு நாள் உக்காந்து போட்டேன்," என்றார் ரிஜெக்ட் சார் பெருமையாக. "நாலு கடையும் சேர்ந்து நூத்திருபது குடை கூட வித்திருக்கு. அதுல அறுபது ஈ கடையோடது. பாதி! அம்பது சதவீதம்! ஆ கடை வெறும் முப்பது. அறுபது பெருசா, முப்பது பெருசா?"

மனைவி துணிக்கூடையை எடுத்துக்கொண்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

எட்டாவதாக வந்தவர் ஓய்வு பெற்ற புள்ளியியல் பேராசிரியை. உட்காருவதற்கு முன்பே தாளைப் பார்த்து "ஆ" என்றார். அவசரக்காரர் என்று ரிஜெக்ட். ஒன்பதாவது வாத்தியார் 'ஆ' என்று சொன்னதோடு நிற்காமல், ரிஜெக்ட் சாரின் விடை ஏன் தப்பு என்று வரைபடம் போட்டு விளக்கவும் ஆரம்பித்தார். வாய்த்துடுக்கு. ரிஜெக்ட்.

அதற்குப் பிறகுதான் வாத்தியார்கள் ஒருவருக்கொருவர் விடையைச் சொல்லி அனுப்புகிறார்கள் என்ற சந்தேகம் ரிஜெக்ட் சாருக்கு வந்தது. பத்தாமவரையும் பதினோராமவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னார். இருவரின் போனையும் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். ஒருவரை ஹாலில் உட்கார வைத்தார். இன்னொருவரை சமையலறையில், அடுப்பு மேடைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். மேற்பார்வைக்கு மனைவி.

"நான் வெங்காயம் நறுக்கணும்," என்றார் மனைவி.

"நறுக்கிக்கிட்டே பாரு. திரும்பினா சொல்லு."

வாத்தியார் திரும்பவில்லை. வெங்காயத்துக்குக் கண்ணீர் விட்டபடியே எழுதினார். ஹாலிலிருந்தும் சமையலறையிலிருந்தும் ஒரே நேரத்தில் "ஆ" என்று குரல் வந்தது.

"பாத்தியா? எவ்வளவு பெரிய கூட்டுச்சதி!" என்றார் ரிஜெக்ட் சார்.

அன்றைக்கே, வாத்தியார்களைத் தேடித் தருகிற இணையதளத்தில் பதினோரு பேருக்கும் ஒற்றை நட்சத்திரம் போட்டார். 'அடிப்படைக் கேள்வியிலேயே தேறவில்லை' என்று பதினோரு தடவை எழுதினார். மற்ற மாணவர்களாவது ஏமாறாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

நல்ல எண்ணம் உடனே பலித்தது. வாத்தியார்கள் தங்களுக்குள் வைத்திருந்த குழுவில் அவருடைய முகவரியைப் போட்டு, 'இந்த வீட்டுப் பக்கமே போகாதீர்கள்' என்று எழுதிவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் யாருக்குப் போன் செய்தாலும் குரலைக் கேட்டதும் இணைப்பு துண்டாயிற்று. ஒரு வாத்தியார் "நான் இறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டே வைத்தார்.

ஆனால் கெட்ட பெயருக்கும் கால் உண்டு. நோட்டு வாங்கப் போன கடையில், "சார், பதினோரு வாத்தியாரை ஃபெயிலாக்கினவர் நீங்கதானாமே? பெரிய மூளைன்னு பேசிக்கிறாங்க," என்று கடைக்காரர் எழுந்து நின்று சொன்னார். ரிஜெக்ட் சார் பெருமையோடுதான் வீடு திரும்பினார். ஆனால் சோபாவில் உட்கார்ந்ததும் முழங்கால் வலித்தது. கூடவே மனசும் வலித்தது. பரீட்சைக்கு மூன்று வாரம்தான். சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இல்லை.

"வேற யாரோ அந்த நாற்காலியில வந்து உக்காரப் போறாங்க. நான் அவங்களுக்கு எதிர்ல நின்னுக்கிட்டே பதில் சொல்லணும்," என்றார். குரல் உடைந்திருந்தது. மனைவி கேலி எதுவும் பண்ணாமல் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார்.

மறுநாள் மாலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் நீலச் சட்டை போட்ட ஒரு மனிதர், நாற்பது வயதிருக்கும், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"வணக்கம் சார். டேட்டா பேப்பர் விஷயமா வந்தேன்."

ரிஜெக்ட் சாருக்கு உயிர் வந்தது. ஆனாலும் கொள்கை கொள்கைதான். "வாங்க, உக்காருங்க. முதல்ல ஒரு கேள்வி. அதைப் போட்டீங்கன்னாதான் மத்ததெல்லாம்."

"கேள்விப்பட்டேன் சார்," என்றார் நீலச் சட்டை. எச்சில் விழுங்கினார்.

மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் போட்ட கணக்குக்கு இவர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். எழுதினார், அடித்தார், விரல் விட்டு எண்ணினார், நெற்றியைத் துடைத்தார். இதல்லவா நிதானம் என்று ரிஜெக்ட் சார் மனதுக்குள் வியந்தார். கடைசியில் நீலச் சட்டை தயங்கித் தயங்கித் தலை நிமிர்ந்தார்.

"ஈ கடைதானே சார்? அறுபதுதானே பெருசு?"

ரிஜெக்ட் சார் எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சார்! இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

"என்னை எடுத்துக்கிட்டீங்களா சார்?" நீலச் சட்டைக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளையிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடுங்க. இந்த ஃபீஸ் விஷயம்..."

"ரிசல்ட் வந்ததும் பேசிக்கலாமா சார்?" என்று அவர் அவசரமாகக் கேட்டார்.

ரிசல்ட் மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்கிற ஒரு ஆளை ரிஜெக்ட் சார் அதுவரை பார்த்ததில்லை. "தாராளமா!" என்றார்.

வகுப்பு தொடங்கியது. நீலச் சட்டையின் முறையே தனி. எந்தக் கணக்குக்கும் விடையைச் சட்டென்று சொல்லிவிட மாட்டார். "இதை நீங்க எப்படிப் போடுவீங்க சார்?" என்று பணிவாகக் கேட்பார். ரிஜெக்ட் சார் அரை மணி நேரம் விளக்குவார். அவர் ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதிக்கொள்வார்.

"ரெண்டு மணி நேரமா உங்க குரல்தான் கேக்குது. அவர் வாயே திறக்கலையே?" என்று மனைவி ஒருநாள் கேட்டார்.

"வாத்தியார்னா அப்படித்தான் இருக்கணும். மாணவனைப் பேசவிட்டு அவன் மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு பாக்கணும். அந்தப் பதினோரு பேரும் அவங்களே பேசினாங்க, என்ன ஆச்சு?"

மூன்று வாரத்தில் இருவருக்கும் ஒரு விடையில்கூடக் கருத்து வேறுபாடு வரவில்லை. "ரிசல்ட்டை நினைச்சாத்தான் சார் தூக்கம் வரமாட்டேங்குது," என்று நீலச் சட்டை சொல்வார். தன்னுடைய பரீட்சைக்காக இன்னொருவர் தூக்கத்தைத் தொலைக்கிறாரே என்று ரிஜெக்ட் சார் நெகிழ்ந்து போவார்.

பரீட்சை நாளன்று தேர்வு மையத்தின் வாசலில் நீலச் சட்டை நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு வெள்ளைச் சட்டை.

"சார்! இந்த நாள்ல நீங்களும் வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை!" என்று ஓடி வந்தார்.

"நீங்க வந்ததுதான் சார் பெருசு. எனக்கு இருக்கிற தைரியமெல்லாம் நீங்க கொடுத்தது."

"பெரிய வார்த்தை சார். அதெல்லாம் நான் சொல்ல வேண்டியது," என்று அவர் கும்பிட்டார்.

மணி அடித்தது. ரிஜெக்ட் சார் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினார். அன்றைக்குப் படியேறும்போது முழங்கால் வலிக்கக்கூட இல்லை. டேட்டா பகுதியை அரை மணி நேரம் மிச்சம் வைத்து முடித்தார். ஒரு கேள்வியில்கூடத் தயக்கம் வரவில்லை.

முடிவு இரண்டு வாரம் கழித்து வந்தது. மனைவிதான் கணினியில் பார்த்தார். பதிவு எண்ணைச் சரிபார்த்து மறுபடியும் பார்த்தார்.

"எவ்வளவு? சொல்லு, தாங்கிக்கிறேன். நாப்பத்தஞ்சா?"

"ஒன்பது."

"தொண்ணூறா?"

"ஒன்பதுங்க."

ரிஜெக்ட் சார் மெல்ல சோபாவில் உட்கார்ந்தார். கண்ணாடி அறை, சக்கர நாற்காலி, எல்லாம் போயிற்று. இனி ஓய்வு பெறும்வரை நிற்க வேண்டியதுதான். பிறகு துக்கம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"ஒண்ணும் தெரியாத வாத்தியாரை நம்பி மோசம் போயிட்டேன். தனக்கே டேட்டா தெரியாதவன் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க வரலாமா? இப்பவே அந்த ஆள் வீட்டுக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

அவர் எழுந்து ஷூவில் கால் வைக்கவும் அழைப்பு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. கையில் கசங்கிய மார்க் தாள். முகம் சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால், கேட்டுக்கு வெளியே, நீலச் சட்டை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா! நானே உங்க வீட்டுக்காரரைப் பார்க்கத்தான் கிளம்பினேன். சொல்லிக்கொடுக்கத் தெரியலைன்னா மனுஷன் முதல்லயே சொல்ல வேண்டாமா?" என்று கத்தினார் ரிஜெக்ட் சார்.

"அதையேதான் சார் நானும் உங்ககிட்ட கேக்க வந்தேன்," என்று அந்தப் பெண்மணி மார்க் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "பதினோரு வாத்தியாரையே ஃபெயிலாக்கினவர்னு ஊரே சொல்லுதேன்னு நம்பி எங்க வீட்டுக்காரரை உங்ககிட்ட டியூஷனுக்கு அனுப்பினேன், மூணு வாரம் சொல்லிக்கொடுத்து எட்டு மார்க்தான் வாங்க வெச்சிருக்கீங்களே, நீங்களெல்லாம் ஒரு வாத்தியாரா?"