பாகப் பத்திரம் எழுதி ஆடிய பந்தாட்டம்

என் தொழிலில் நான் எழுதிக்கொண்ட பத்திரங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் என் வக்கீலுக்குக்கூட நான் காட்டியதில்லை. அதில் உயிரோடிருக்கும் ஒன்பது மனிதர்களைச் சொத்தாகப் பாவித்துப் பாகம் பிரித்திருக்கிறது. (எழுதியவர் மேல் குற்றமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னவன் அடியேன்தான்.)

ஐரோப்பாவில் பெரிய சண்டை மூளுவதற்கு இரண்டு வருஷம் முந்தி, பாளையங்கோட்டைக்குக் கிழக்கே உடைமரம் மண்டிக் கிடந்த செங்காடு ஒன்றை நானும் தச்சநல்லூர் ஆறுமுகநயினார் அண்ணாச்சியும் பாதிக்குப் பாதி வாங்கி, வீட்டுமனைகளாகப் பிரித்துக் கல் ஊன்றினோம். அண்ணாச்சிக்கு நெல் வியாபாரம், எனக்கு வாய் வியாபாரம். வாங்க வருகிறவரிடம் காலடியில் இருக்கிற முள்ளைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வரப்போகிற தெருவைப் பற்றியே பேசுவேன். பேசப் பேச எனக்கே அந்தத் தெரு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

முதல் மனையை வாங்கியவர் எஸ்தரம்மாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. “ஒரே வருஷத்துல உங்களச் சுத்தி இருபது வீட்டுல விளக்கு எரியும்மா” என்று நான் சொன்னேன். அந்த அம்மா அதை நம்பி வீட்டைக் கட்டிக்கொண்டு குடிவந்துவிட்டார்.

வருஷம் முடிந்தது. அந்தக் காட்டில் எரிந்தது அவர் விளக்கு ஒன்றுதான். ஒருமுறை காய்ச்சலில் மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பிய பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. நான் ஓடிப்போய் நின்றபோது, “வாங்க தம்பி, உக்காருங்க” என்றார். வேறு ஒரு குறையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எப்படியாவது ஆட்களை அந்தக் காட்டுக்கு வரவழைக்க வேண்டும் என்று கிடந்து தவித்தேன். அப்போதுதான் வேதநாயகம் வந்து சேர்ந்தார். மதுரையில் ஒரு அமெரிக்கப் பாதிரியாரிடம் படித்துவிட்டு வந்த இளம் வாத்தியார். அங்கே பேஸ்பால் என்று ஒரு பந்தாட்டம் கற்றிருந்தார். பாதியில் அறுத்த உலக்கை மாதிரி ஒரு கட்டையால் பந்தை அடித்துவிட்டு, எதிராளிகள் அதை எடுத்து எறிவதற்குள் நாலு மூலையையும் சுற்றி ஓடி வர வேண்டும். நாமே ஒரு அணி சேர்த்து, மதுரைக்காரர்களை வரவழைத்து நம் காட்டிலேயே ஆடினால் ஊரே வேடிக்கை பார்க்க வரும், வந்தவர்கள் மனையையும் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அண்ணாச்சி யோசித்துவிட்டு, “சரி வே. ஆனா கூட்டுன்னா எழுத்து வேணும்” என்றார்.

எழுதினோம். அண்ணாச்சி நெல்லை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற நாலு பேர் அவர் பாகம். எனக்கு நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிற நாலு பேர் என் பாகம். ஒன்பதாவது ஆள் வேதநாயகம். பந்து எறியத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரைப் பங்காளிகள் பொதுக்கிணற்றுக்கு எழுதுவதுபோல் முறை வைத்து எழுதினோம்: ஒற்றைப்படைத் தேதியில் அண்ணாச்சிக்கு, இரட்டைப்படைத் தேதியில் எனக்கு. ஆடுகளத்தில் மேல்புறம் அவருக்கு, கீழ்புறம் எனக்கு, நடுவில் சுண்ணாம்புக் கோடு. ‘ஒருவர் பாகத்தில் மற்றவர் ஆட்கள் பிரவேசிக்கக் கூடாது’ என்று ஒரு வரி. மேற்படி ஒன்பது பேரும் மரம், கிணறு, புதையல் சகிதம் எங்களைச் சேர்ந்தவர்கள் என்று முடித்தோம்.

வேதநாயகம் படித்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது விளையாட்டு” என்றார்.

“அதுக்குத்தான் இப்பமே எழுதி வைக்குதோம். பின்னால சண்டை வரப்பிடாதுல்லா” என்றார் அண்ணாச்சி. நானும் பெரிய மேதாவிபோல் தலையை ஆட்டினேன்.

ஆட்டத்தன்று நான் எதிர்பார்த்ததற்கு மேலேயே கூட்டம் வந்தது. வாத்தியார்கள், தாலுகா கச்சேரிக் குமாஸ்தாக்கள், சேரன்மகாதேவியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த இரண்டு குடும்பங்கள். பந்தலில் எஸ்தரம்மாள் வெளுத்த சேலை உடுத்திக்கொண்டு எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தார். ஒரு குமாஸ்தாவின் மனைவியிடம், “அந்தா அங்கன இருக்குல்லா, அது நல்ல மனை. எங்க வீட்டுல இருந்து கூப்பிட்டாக் கேட்கும்” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மதுரைக்காரன் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து உயரப் போய்ச் சரியாகச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் விழுந்து நின்றது. இந்தப் பக்கமிருந்து என் ஆட்கள் ஓடினார்கள், அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சியின் ஆட்கள் ஓடிவந்தார்கள். எல்லோரும் கோட்டருகே வந்ததும் டக்கென்று நின்று எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். (பத்திரத்தை அவர்களுக்கு மூன்று தரம் படித்துக் காட்டியிருந்தேன்.)

“எடுங்கலே!” என்றேன் நான்.

“தொடாதீங்கலே! அது எம் பாகம்” என்று அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

வேதநாயகம் தானே எடுக்க ஓடினார். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னைக்கு ஒத்தப்பட. நீரு என் முறை. என் பக்கமா வந்து எடும்.”

“அப்படி எடுத்தா பந்து உங்க பாகம்னு நான் ஒத்துக்கிட்டதா ஆயிரும்லா!” என்று நான் சட்டைப் பையிலிருந்து பத்திரத்தை உருவினேன்.

அதற்குள் மதுரைக்காரன் நாலு மூலையும் சுற்றி முடித்துவிட்டான். நிறுத்து என்று யாரும் சொல்லாததால் இன்னொரு தரமும் சுற்றினான். நான் செய்ததைக் கேளுங்கள். “ஏலே, சங்கிலிய எடுத்துட்டு வாங்கலே!” என்று கத்தினேன். என் நாலு ஆட்டக்காரர்களும் ஆட்டத்தை விட்டுவிட்டு, மூலைக்கல்லிலிருந்து பந்துவரைக்கும் அளக்க ஆரம்பித்தார்கள். மதுரைக்காரர்கள் உடைமர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

பந்தலில் முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஒரு குமாஸ்தா எழுந்து மேல்துண்டை உதறினார். “ஒரு பந்துக்கே இந்தப் பாடுன்னா, நாளைக்கு வேலிக்கும் கிணத்துக்கும் என்ன பாடு படுத்துவாங்க? இவங்ககிட்ட மனை வாங்குனா வழக்கையும் சேர்த்துல்லா வாங்கணும். கிளம்புங்க.”

வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போயின. எஸ்தரம்மாள் கொஞ்ச நேரம் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பைய நடந்து களத்துக்குள் வந்தார். குனிந்து, பந்தை எடுத்து, சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தார்.

“இது யாருக்கு வேணும்?” என்று கேட்டார்.

அண்ணாச்சி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார், நான் பத்திரத்தை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

“கூப்பிட்டா கேட்கிற தூரத்துல ஒரே ஒரு வீடு போதும் தம்பி. இருபதெல்லாம் வேண்டாம்” என்றார். பந்தை என் கையில் வைத்துவிட்டு, தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று எனக்கு வந்த வெட்கத்தை இந்த வயசிலும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடுத்த மாதமே அவர் வீட்டுக்குப் பக்கத்து மனையில் எனக்கு ஒரு வீடு கட்ட வானம் தோண்டினேன். பாளையங்கோட்டையில் நல்ல தெருவில் இருந்த என் மனைவி, “ஒருத்தரும் வாங்காத காட்டுக்கு நீங்களே குடிபோறீகளாக்கும்” என்று சொன்னதோடு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. என்னிடம் முகம் கொடுக்காத அண்ணாச்சியும் வீட்டு நிலைக்கு மரம் மட்டும் அனுப்பிவைத்தார். வீட்டில் புகை வருவதைப் பார்த்து மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தது நாலைந்து வருஷத்துக்குப் பிறகு.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கரண்டி கீழே விழுந்தால் யாரும் உடனே எடுப்பதில்லை. “யாரு பாகத்துல விழுந்திருக்கு? சங்கிலியக் கொண்டாங்க” என்று என் மகள் கேட்பாள், அவள் பிள்ளைகள் கேட்பார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிற ஒவ்வொருவருக்கும் எஸ்தரம்மாளே இந்தக் கதையைச் சொல்லி, அதோ அவர்தான் என்று என்னைக் கைகாட்டுவார். இப்போது அந்த அம்மா இல்லை. கடைசிக் காய்ச்சலில் அவர் கூப்பிட்டது என் மனைவிக்குக் கேட்டது. அவள்தான் பக்கத்தில் இருந்தாள். அதன்பிறகு கதையைச் சொல்வதும் அவள்தான். என்னைக் கொஞ்சமும் தயவு பார்க்காமல் கிழித்துத் தொங்கவிடுவாள். வாத்தியாரம்மா பந்தை எடுக்கக் குனிகிற இடம் வந்தால் மட்டும் கதையை நிறுத்தி, மிச்சத்தை என்னைச் சொல்லச் சொல்லிவிடுவாள்.