நடைபாவாடையில் இறங்கிய ஆகாய விமானம்

திருவொற்றியூர்,
1934, ஆவணி.

மகாராஜராஜஸ்ரீ பரசுராமன் மாமா அவர்களுக்கு, மைத்துனன் வரதன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நான், பூவம்மா, மலர்க்கொடி எல்லோரும் சௌக்கியம். ஆகாய விமானமும் ஏறக்குறைய சௌக்கியம். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

"உன் மூஞ்சிக்கு ராயபுரம் கோதண்டம் சம்பந்தமா?" என்று கேட்டுவிட்டு, மலர்க்கொடியின் நிச்சயதார்த்தத்துக்கு வராமலே இருந்துவிட்டீர்களே மாமா, நடந்ததைக் கேளுங்கள். அந்த மனிதர் மரியாதையில் ஒரு குன்றிமணி குறைந்தாலும் தாம்பாளத்தோடு திரும்பிவிடுகிறவர். அதனால் மைதானத்தில் பந்தல் போட்டு, சம்பந்தி கால் மண்ணில் படக்கூடாதென்று ரோட்டிலிருந்து பந்தல்வரை வெள்ளை வெளேரென்று நடைபாவாடை விரித்தேன். வாசலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பிரிந்து போகக் குறுக்கே இன்னொரு துணி. அங்கேதான் வினை. வெள்ளைத்துணியை அப்படி இங்கிலீஷ் 'டி' எழுத்துமாதிரி குறுக்கே போட்டால் விமானக்காரர்களுக்கு 'இங்கே இறங்கு' என்று அர்த்தமாம். நமக்கு யார் சொன்னார்கள்? விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோதண்டம் ஜட்காவிலிருந்து இறங்கி, மேளச்சத்தம் போதவில்லையென்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார், இருமிக்கொண்டே வந்த குட்டி விமானம் ஒன்று கரண்டுக் கம்பியில் சக்கரம் மாட்டி, கம்பியை அறுத்து, ஊர் விளக்கையெல்லாம் அணைத்து, நடைபாவாடைமேல் தொப்பென்று விழுந்து சறுக்கி, அவர் எதிரிலேயே மணலில் மூக்கைக் குத்தி நின்றது. உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை இறங்கி, மண்ணைத் தட்டிக்கொண்டு நேராக அவரிடம் வந்து கைகொடுத்தார். பெண்ணின் கல்யாணம் அவ்வளவுதான் என்று எனக்கு உயிரே இல்லை.

கோதண்டத்துக்கோ கண் கலங்கிவிட்டது. "என்னிய அழைக்க தொரையே மேலேருந்து வந்துகீறாரு. இது இன்னா, உன் ஏற்பாடா வரதா?" என்றார்.

"ஏதோ என்னால ஆனது, சம்பந்தி" என்றேன்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தட்டு மாற்றினோம். துரையும் பந்தியில் உட்கார்ந்து வடையைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். தையில் கல்யாணம். ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை நம் பேச்சுதான். என் மூஞ்சிக்கு இப்போது என்ன குறை மாமா?

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். கல்யாணத்துக்காவது வந்து முன்வரிசையில் உட்காருங்கள்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்த வரதன்

பி.கு.: கம்பி அறுந்ததை விசாரிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். நான் வாய் திறப்பதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டு, "எங்க வரதன்தான் ஏரோப்ளேன வரவழிச்சாரு, அவரே சொன்னாரு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். இதை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து முடிக்கிறேன். ஆமாம் என்றால் நான் உள்ளே, இல்லை என்றால் மாப்பிள்ளை வெளியே. என் பதிலைக் கேட்கச் சம்பந்தியும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறேன் மாமா. ஜாமீனுக்கு நீங்கள் வந்துவிடுங்கள்.