கிளச்சர் சொன்ன ஒரே பொய்

உலகத்தில் இதுவரை பிறந்த மனிதர்களில், ஒரு கிளச் தட்டை மூக்கில் வைத்து மணந்து பார்த்தே அந்தக் காரின் சொந்தக்காரருக்கு உடம்பில் என்ன வருத்தம் என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் கோப்பாயில் கார் திருத்தும் கராச் வைத்திருந்தார். அப்பா அம்மா அவருக்கு வைத்த பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஊர் அவரைக் 'கிளச்சர்' என்றது. வாத்தியார், நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார், கிளச்சர். மூன்றுக்கும் ஒரே மரியாதை.

நான் அப்போது தொண்டைமானாற்றில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். இளைப்பாறிய ஒருவரிடம் பழைய கார் ஒன்றை வாங்கி, நன்றாக இருக்கிறதா என்று கேட்க இவரிடம் கொண்டுபோனேன். மனிதர் எஞ்சினைத் திறந்தும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டு ஏறி, வெறுங்காலால் கிளச்சை மூன்று தரம் மிதித்தார்.

"தம்பி, இதை ஓடினவர் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவரோ?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"எந்த நேரமும் அரைக் கிளச்சிலை கால் இருந்திருக்குது. உலகத்திலை ஒருத்தரையும் நம்பாத கால்."

தலைமை ஆசிரியராக இருந்தவரின் கார்தான் அது.

இன்னொரு தரம், பெரிய டொக்டர் ஒருவரின் காரைப் பிரித்துத் தட்டை வெளியில் எடுத்தார். மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். "ஐயா, இடது முழங்கால் நோ கனநாளோ?" என்றார். டொக்டர் அக்கம்பக்கம் பார்த்தார். தன் பெண்சாதிக்கும் சொல்லாத வருத்தமாம். அதன் பிறகு டொக்டர் கார் சரியாக ஓடினாலும் மாதம் ஒருமுறை கோப்பாய்க்கு வந்து போனார்.

புது வாகனம் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய், தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசிப்பது எங்கள் வழக்கம். எல்லாரும் சாமிக்கு வைப்பார்கள். கிளச்சர் சோதனைக்கு வைப்பார். சில்லு ஏறும்போது பழம் சத்தமில்லாமல் படுக்கவேண்டும். தெறித்துப் பறந்தால் கிளச்சை வெடுக்கென்று விட்டதாக அர்த்தம். கார்த் திறப்பைப் பிடுங்கி மடியில் செருகி, புதுப் பழம் வைத்த பிறகே திருப்பிக் கொடுப்பார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளைக் காரை ஓட்டிய தாய்மாமனுக்கு ஆறு எலுமிச்சம்பழம் செலவானது. நல்ல நேரம் போகிறது என்று ஐயர் கெஞ்சினார். "கியர் பொக்ஸுக்கு நல்ல நேரம் பாக்கிறது ஆர் ஐயா?" என்று கேட்டுவிட்டு ஏழாவது பழத்தை எடுத்து வைத்தார்.

அவருடைய சித்தாந்தம் இதுதான். கிளச் என்பது எஞ்சினுக்கும் சில்லுக்கும் நடுவில் நின்று ஒன்றை ஒன்றோடு சேர்க்கும் தட்டு. எஞ்சின் ஒரு பக்கம் முறுக, சில்லு மறுபக்கம் மறுக்க, நடுவில் அது கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். தான் தேய்ந்து மற்றதைக் காக்கும்.

"புருசனும் பெண்சாதியும் முறுகிக்கொண்டு நிண்டால், நடுவிலை மாமி விட்டுக்குடுக்க வேணும் தம்பி. அப்பிடி ஒரு மாமியை நான் கண்டதில்லை. அதுதான் கிளச்சைக் கும்பிடுறன்."

இந்தச் சித்தாந்தத்துக்கு வினை எண்பதுகளின் தொடக்கத்தில் தொண்டைமானாற்றிலிருந்து வந்தது. அங்கே ஒரு சம்மாட்டியார் இருந்தார். கடலில் வளைத்து விரித்து இரண்டு பக்கக் கயிறுகளாலும் கரைக்கு இழுக்கும் கரைவலையைச் சொந்தமாக வைத்துப் பல குடும்பங்களுக்கு வேலை கொடுப்பவர். மீன் ஏற்றும் தன் பழைய வான் வண்டிக்கு, கொழும்பிலிருந்து ஜப்பான் ரேர்போ எஞ்சின் ஒன்றை இறக்கிப் போட்டார். வெளியே போகிற புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் இன்னும் காற்றை அடைக்கிற வித்தை அது. அக்சிலேற்றரை மிதித்து உறுக்கினால் விசிலடிக்கும். முதல்நாள் அது கோப்பாய்க்குள் வந்தபோது நாய்கள் குரைக்க மறந்து நின்றன.

சம்மாட்டியார் வானிலிருந்து லொறிக் கிளச் ஒன்றைத் தூக்கி இறக்கினார். நான் என் காரோடு பக்கத்தில்தான் நின்றேன்.

"கிளச்சர், பொடியள் எல்லாம் சவூதிக்குப் போயிட்டாங்கள். வலை இழுக்க ஆள் காணாது. தொழிலை விட்டால் மிச்சமிருக்கிற சனம் எதைத் தின்னும்? ஒரு பக்கக் கயிறை வானாலை இழுக்கப் போறன். எனக்கு வழுக்காத கிளச் வேணும்."

"அது வழுக்காட்டில் வேறை ஏதோ ஒண்டு உடையும் சம்மாட்டியார்."

"என்ன உடையும்?"

"சில்லைச் சுத்துற பின் அக்சில் உடையலாம். கியர் பொக்ஸ் உடையலாம். எது எண்டு அதுதான் முடிவெடுக்கும். எங்களைக் கேக்காது."

"உதை நான் பாத்துக்கொள்ளுறன். நீர் போடும்."

கிளச்சர் வாதாடவில்லை. அதுவே எனக்குப் புதினமாக இருந்தது. இரண்டாம் நாள் போனபோது அந்தப் பெரிய லொறித் தட்டைச் சாக்கில் சுற்றிப் பழைய ரயர்க் குவியலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். வானுக்குள் ஏறியது வழக்கமான தட்டு. என்னைக் கண்டதும், "ஒருத்தரிட்டையும் கதையாதை" என்றார். பின்னேரம் சம்மாட்டியார் வந்தார்.

"பெரிசைத்தானே போட்டனீர்?"

"ஓம்."

மாப்பிள்ளை வீட்டுக்கும் பயப்படாத மனிதர், டொக்டருக்கும் மறைக்காத மனிதர், ஒரு சொல்லில் பச்சைப் பொய் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தார்.

வலை இழுக்கும் நாளில் ஊரே கடற்கரையில் கூடிவிட்டது. ஊர்க் கோயில் சந்நிதியானுக்குத் தேங்காய் அடித்தார்கள். வான் கரையோரத் தார் ரோட்டில், பின்னுக்குக் கல் மூட்டை ஏற்றியபடி நின்றது. வானின் பின் கொழுக்கியில் கட்டிய கயிறு கடலுக்குள் போனது. மறுபக்கக் கயிற்றை வழக்கம்போல ஆட்கள் பிடித்தார்கள். இயந்திரத்தை முழுதாக நம்பலாமா என்று வான் கயிற்றிலும் பத்துப் பதினைந்து பேர் ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். கந்தோர்க் காற்சட்டையை மடித்துவிட்டு நானும் நின்றேன். எனக்கு முன்னால், இடுப்பளவு தண்ணீரில் சம்மாட்டியாரின் ஒரே மகன்.

கிளச்சர் அழைப்பில்லாமல் கோப்பாயிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். பொய் பிடிபடுமோ என்று பயந்து வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வந்ததும் வராததுமாக எங்களிடம், "கயித்தை விட்டுத் தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லிக்கொண்டு நடந்தார். மெக்கானிக்கின் பேச்சைக் கடற்கரையில் யார் கேட்பது?

விசில் கிளம்பியது. வலை நாற்பது ஐம்பது பாகத் தூரம் அழகாக வந்தது. சனம் கைதட்டியது. பிறகு திடீரென்று நின்றது. சம்மாட்டியார் எஞ்சினை உறுக்கினார். விசில் காதைக் கிழித்தது. வான் நடுங்கியதே தவிர ஓர் அங்குலம் அசையவில்லை. கீழேயிருந்து, வழுக்குகிற கிளச்சின் கருகல் புகை எழும்பியது. கிளச்சர் கண்ணை மூடி அதை மூச்சோடு உள்ளே இழுத்தார். கோயிலில் சாம்பிராணிப் புகைக்கு நிற்கிறவர்களைத்தான் அப்படிக் கண்டிருக்கிறேன்.

சம்மாட்டியார் இறங்கி வந்தார். முகம் கொதித்தது.

"பெரிசு போட்டதெண்டு சொன்னனீர்."

"சொன்னனான்."

"போட்டனீரோ?"

"இல்லை."

அடி விழப்போகிறது என்று நான் கயிற்றை விட்டுவிட்டுத் தடுக்க ஓடினேன். அதற்குள் மகன் தண்ணீருக்குள்ளிருந்து கத்தினான்: "அப்பா, வலை கல்லிலை கொழுவிப்போச்சு." அவன் கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறி வானடிக்கு வந்து, கொழுக்கியடியில் நின்றுவிட்டான். கயிற்றின் மூன்று புரியில் இரண்டு கொழுக்கியில் உரஞ்சி அறுந்திருந்தன. மிச்சம் ஒரு புரி.

முறுகிய கயிறு அறுந்தால் சாட்டைபோல் சுழன்று ஆட்களை என்ன செய்யும் என்று கடற்கரைச் சனத்துக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிளச் மட்டும் வழுக்காமல் பிடித்திருந்தால் அந்த ஒரு புரியும் போயிருக்கும். சம்மாட்டியார் கயிற்றைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எல்லாரும் கைபோடுங்கோ" என்றார். பொடியள் சுழியோடி வலையைக் கழற்ற, வேறு கயிறு கட்டி, வேடிக்கை பார்க்க வந்த சனம் முழுவதும் சேர்ந்து இழுத்தது. கிளச்சரும் இழுத்தார். மீனும் பழுதில்லை, போதுமான அளவு பட்டிருந்தது.

மறுநாள் வானை உழவு மெசினால் கட்டியிழுத்துக்கொண்டு சம்மாட்டியார் கோப்பாய்க்கு வந்தார்.

"வேறை கிளச் போடும்."

"எதைப் போட?"

"வழுக்கிறதை."

கிளச்சர் தலையைக் குனிந்தார். "பொய் சொன்னது பிழைதான். குறை நினையாதையுங்கோ."

"தேவை எண்டால் இனியும் சொல்லும்," என்றார் சம்மாட்டியார்.

பிறகு யார் கேட்டாலும் கிளச்சருக்கு ஒரே பதில்தான்: "அக்சில் பாவம், அதுக்காகத்தான் சொன்னனான்." நான் மறுத்துக் கதைத்ததில்லை. ஆனால் நான் அன்றைக்கு அங்கே நின்றவன். அக்சிலுக்காகச் சைக்கிள் மிதித்து வந்த அந்த மனிதர், ஒருதரம்கூட வானுக்குக் கீழே குனிந்து பார்க்கவில்லை. எங்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.