ஆறு கைக்காரனுக்கு ஒரு சீட்

பூமியை அழிக்க வரும் வேற்றுக்கிரகவாசியின் உயிருக்காகச் சண்டை போட்ட ஒரே பெண்மணி, இந்த அண்டத்திலேயே எங்கள் சீட்பெல்ட் ஆன்ட்டிதான்.

குகட்பள்ளியில் வீடியோ கேம் தயாரிக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். எதிரியின் போர் விண்கலம் நிஜம்போல இருக்க வேண்டுமென்று, விமானக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆன்ட்டியை ஆலோசகராக அழைத்து வந்தார் எங்கள் கோயம்புத்தூர் மேனேஜர். ஆன்ட்டியுடையது தலைமுறை தலைமுறையாக இதே நகரத்து அல்வாலில் இருக்கும் தமிழ்க் குடும்பம். ஆட்டோவில்கூட சீட்பெல்ட் தேடுகிறவர் என்பதால் அந்தப் பெயர்.

முதல் நாள் கலத்தின் படத்தைக் காட்டினோம். கத்தி போலக் கூர்மை, ஊதா வெளிச்சம், ஒளியை மிஞ்சும் வேகம். எங்களுக்கே புல்லரித்தது. ஆன்ட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கதவு கைக்கு இல்ல?"

நான் மதுரையிலிருந்து புதிதாக வந்தவன். "கைக்கு எதுக்கு ஆன்ட்டி கதவு?" என்றேன்.

"அய்யோ, இந்த ஊர் உருதுல கைக்குன்னா 'ஏன்'னு அர்த்தம்ப்பா! இவன் உள்ள எப்படிப் போனான்? உள்ளயே பொறந்தானா?"

கதவு வைத்தோம். அடுத்த சிக்கல், ஓட்டுகிறவனுக்கு நாங்கள் வரைந்திருந்த ஆறு கைகள். ஆன்ட்டி என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பின்னாலிருந்து இரண்டு பேரைக் கை நீட்டச் சொன்னார். "திரும்பு! சுடு!" என்று கத்தினார். ஒரு கை என் கன்னத்தில் விழுந்தது. இன்னொன்று டீயைக் கவிழ்த்தது.

"பூமி பொழச்சுது" என்றார் ஆன்ட்டி.

ஆறு கைகளும் மோதாதபடி ஓட்டும் இடத்தை அகலமாக்கினோம். பிறகுதான் பெரிய குண்டைப் போட்டார். கலம் தீப்பிடித்தால் ஓட்டுகிறவனை வெளியே தள்ளிக் காப்பாற்றும் சீட் வேண்டுமாம்.

மேனேஜர் பதறினார். "ஏனுங்க மேடம், வெடிக்கறதைப் பாக்கத்தானுங்க வெளையாடுவாங்க. எதிரி தப்பிச்சுப் போனா எப்படிங்க?"

ஆன்ட்டி சிரிக்கவில்லை. "அந்த மாதிரி சீட்டோட சர்க்யூட்டை செக் பண்றதுதான் என் வேலையா இருந்துச்சு. ஒரு பைலட் அதுல தப்பிச்சு உயிரோட இறங்குனான். பொண்டாட்டியோட ஃபேக்டரிக்கு வந்தான். என் கையப் பிடிச்சான். பேசவே வரல, அழுதான். தப்பிக்க வழியில்லாத ஒண்ணை நான் சரின்னு சொல்ல மாட்டேன். நக்கோ, வேணாம். சீட் இல்லன்னா நானும் இல்ல."

"சரி, வச்சுப் பாக்கலாமுங்க. சோதனையில நல்லா இல்லைன்னா எடுத்துருவோம்" என்றார் மேனேஜர்.

சோதனைக்கு உட்கார்ந்தவன் எங்கள் டீமில் இருந்த மகேஷ். அசைவதையெல்லாம் சுடுகிறவன். முதல் அடியிலேயே எதிரிக் கலம் சிதறியது. நெருப்புக்குள்ளிருந்து ஒரு சின்ன சீட் மிதந்து வந்தது. அதில் ஒருவன், ஆறு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு.

"சுடுப்பா" என்றார் மேனேஜர்.

"எப்படி சார்?" என்றான் மகேஷ். தன் கலத்தை ஒதுக்கி அவனுக்கு வழி விட்டான். அதற்குள் வேறொரு எதிரிக் கலம் மகேஷை வீழ்த்திவிட்டது.

மேனேஜர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டுமுங்க" என்றார்.

வேலை முடிந்த கடைசி நாள் ஆன்ட்டியை என் பைக்கில் அல்வாலுக்குக் கூட்டிப்போனேன். பாலாநகர் நெரிசலில் நின்றபோது, "அவன் எங்கப்பா போயிருப்பான்?" என்றார்.

"யாரு ஆன்ட்டி?"

"அந்த ஆறு கைக்காரன்தான்."

"வீட்டுக்குத்தான் போயிருப்பான் ஆன்ட்டி."

"ஹவ், ஆமா" என்று என் தோளைத் தட்டினார். அல்வால் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.